மேலே யார் கூப்பிட்டாலும்

கேள்வி வராமல் பதில் மட்டும் வந்துகொண்டிருந்தது.

இஷ்பெல் முதலில் அதைச் சரியாகக் கவனிக்கவில்லை. அடுப்பில் ஓட்ஸ் கஞ்சி அடிப்பிடிக்கத் தொடங்கியிருந்தது. மலையடிவாரக் குடிலின் தகரக் கூரைமேல், மழையாகப் பெய்வதா பனியாக விழுவதா என்று இன்னும் முடிவுக்கு வராத ஏதோ ஒன்று, சற்று நேரம் அரிசி கொட்டுவதைப் போலவும் சற்று நேரம் ஈரத்துணியை உதறுவதைப் போலவும் சத்தமிட்டுக்கொண்டிருந்தது. ஈரக் கம்பளிக் காலுறைகளின் வாடையும் மண்ணெண்ணெய் வாடையும் கலந்த அந்த அறைக்குள், பின்சுவருக்கு அப்பால், மூடுபனிக்குள் எங்கோ உயரத்தில் மறைந்திருந்த கறுப்புப் பாறையிலிருந்து, ஒரு பெண்குரல் மெலிதாக இறங்கி வந்தது.

"வா."

மலையேறுகிறவர்களுக்கு அது பழகிய சொல். கயிற்றின் கீழ்முனையில் இருப்பவர் "ஏறட்டுமா?" என்று கத்துவார். மேலே விளிம்பில் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்திருப்பவர் "வா" என்பார். கேட்காமல் யாரும் அப்படிச் சொல்வதில்லை. கரண்டியைக் கையில் பிடித்தபடி இஷ்பெல் காது கொடுத்தாள். கீழேயிருந்து யாரும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், அதே பொறுமையோடு, "வா."

"கிரியர், கேட்டுச்சா?"

"கஞ்சி கருகுற வாசனைதான் வருது." கிரியர் பெஞ்சில் கால்நீட்டி உட்கார்ந்து, இடுப்புப் பட்டையில் இரும்புக் கொக்கிகளை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டிருந்தாள். "என்ன கேட்டுச்சு?"

"மேல யாரோ ஏறுறாங்க."

"பாத்தியா? நமக்கு முன்னாடியே எழுந்து போயிட்டாங்க. நீ ஒருத்திதான்டி இங்க உக்காந்து வானத்துக்கு ஜாதகம் பாத்துக்கிட்டிருக்க."

"ரோட்டுல நம்ம காரைத் தவிர வேற கார் இல்லையே."

"நடந்து வந்திருப்பாங்க. இல்லைன்னா பறந்து வந்திருப்பாங்க. கஞ்சிய எறக்கு."

இருவரும் பத்துப் பன்னிரண்டு வருடமாக ஒரே கயிற்றில் ஏறுகிறவர்கள். கிரியர் இன்வர்னஸ் நகரில் கால்நடை மருத்துவர், வாய் ஓயாது. இஷ்பெல் பள்ளி ஆசிரியை; எதையும் இரண்டு தடவை யோசிப்பவள். மகள் மைரி பிறந்த பிறகு குளிர்காலத்தில் மலைப்பக்கமே வராமல் இருந்தவளை இந்த முறை கிரியர்தான் கெஞ்சி இழுத்து வந்திருந்தாள். ஏப்ரலில் கிரியர் கணவனோடு நியூசிலாந்துக்குக் குடிபெயர்கிறாள். அதற்கு முன் ஒரே ஒரு தடவை, பழையபடி இரண்டு பேருமாக, கறுப்புப் பாறையின் நடுப்பிளவில் ஏறிவிட வேண்டும்.

பிளவு நிறையப் பனி கிடந்தது. அது இறுகியிருந்தால் கல்லைப்போலத் தாங்கும். மழை பெய்து இளகியிருந்தால் மொத்தமாகச் சரிந்து வரும், கூடவே பாறைத் துண்டுகளும் வரும். எது நடக்கும் என்று நேற்றிரவு வானொலியில் சொன்னவருக்கே தெரியவில்லை. மழை பனியாக உறையும் உயரம் மலை உச்சிக்கும் அடிவாரத்துக்கும் இடையே எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம் என்று சொல்லிவிட்டு அவர் கால்பந்துச் செய்திக்குப் போய்விட்டார்.

காலை பத்து மணிவாக்கில் நாலு சக்கர மோட்டார் வண்டி ஒன்று சேற்றை வாரியிறைத்தபடி வாசலில் வந்து நின்றது. அந்தப் பள்ளத்தாக்கில் மான்களைப் பார்த்துக்கொள்ளும் மேக்னஸ். மூக்கு நுனியில் தண்ணீர் சொட்ட, வண்டியிலிருந்து இறங்காமலேயே பேசினார்.

"என்ன பொண்ணுங்களா, உயிர் மேல ஆசை விட்டுப்போச்சா?"

"காலை வணக்கம் மேக்னஸ்," என்றாள் கிரியர். "உங்களுக்கு ஆசை இருந்தா இந்த மழையில ஏன் சுத்துறீங்க?"

"எனக்குச் சம்பளம் தர்றாங்கம்மா. ஓடை ஏறிக்கிட்டிருக்கு. இப்படியே போனா சாயங்காலத்துக்குள்ள பாலத்தை முழுங்கிடும். அதுக்கப்புறம் தண்ணி வடியிற வரைக்கும் நீங்க இங்கயேதான். இப்பவே கெளம்புறதுன்னா பைய வண்டியில போடுங்க."

இஷ்பெல் கிரியரைப் பார்த்தாள். கிரியர் கண்ணாலேயே மன்றாடினாள்.

"ஒரு தடவை மேல போய்ப் பாத்துட்டு முடிவு பண்றோம்," என்றாள் இஷ்பெல்.

"உங்க இஷ்டம்." வண்டியைத் திருப்பியவர், ஏதோ ஞாபகம் வந்ததுபோல மறுபடி நிறுத்தினார். "மேல இருக்கறது உங்க ஆளுங்களா? நேத்து பொழுது சாயறப்போ வேலிகிட்ட நின்னுக்கிட்டிருந்தேன். ஒரு பொம்பளைக் குரல். யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு."

"என்ன பேரு?"

"காத்துல சரியா விழலம்மா." அவர் பாறை இருந்த திசையைப் பார்த்தார். வெள்ளையைத் தவிர அங்கே ஒன்றுமில்லை. "என் நாய் மட்டும் வாலை மடக்கிக்கிட்டு ஓடிப்போச்சு. முட்டாள் நாய்."

வண்டிச் சத்தம் தேய்ந்து மறைந்தது. கிரியர் ஏற்கெனவே பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் அடிவாரம் வரைக்கும் போய் பனிய உதைச்சுப் பாத்துட்டு வர்றேன். இறுகியிருந்தா ஏறுறோம். இல்லைன்னா பாலத்தைத் தாண்டி, கார்ல ஏறி, ஊர்ல போய் மீனும் சிப்ஸும் திங்கிறோம். நீ இங்கயே இரு. வெந்நீர் போட்டு வை."

"ரெண்டு பேருமாப் போலாமே."

"எதுக்கு ரெண்டு பேரும் நனையணும்? போடி."

சிவப்பு ஜாக்கெட் பத்தடி தள்ளிப் போனதும் இளஞ்சிவப்பாயிற்று. இன்னும் பத்தடியில் சாம்பல் நிறமாகி, பிறகு இல்லாமலே போயிற்று. பூட்ஸ் சேற்றில் புதைந்து விடுபடும் சத்தம் மட்டும் கொஞ்ச தூரம் கேட்டது.

காத்திருக்கும்போது ஒரு குடிலுக்குள் எத்தனை சத்தங்கள் இருக்கின்றன என்பது தெரிந்தது. கெண்டி சீறியது. ஏதோ ஒரு மூலையில் சொட்டு விழுந்தது. காற்று புகைபோக்கிக்குள் இறங்கி, வழி தெரியாமல் முனகி, திரும்பிப் போனது. சன்னல் கண்ணாடியில் பனித்துகள்கள் வந்து ஒட்டி, உடனே கரைந்து, அழுத முகத்தில் போலக் கோடு கோடாக வழிந்தன. இஷ்பெல் தேநீரைக் கலந்து இரண்டு கோப்பைகளில் ஊற்றி, கிரியருடையதை ஒரு தட்டால் மூடி வைத்தாள். மேலேயிருந்த குரல் இப்போது நின்றுபோயிருந்தது. அது நின்றது நிம்மதியாக இல்லை. பேசிக்கொண்டிருந்த ஒருவர், நீங்கள் உள்ளே வந்ததும் வாயை மூடிக்கொண்டதைப் போல இருந்தது.

பிறகு, வெகுநேரம் கழித்து, பாறையிலிருந்து:

"இஷ்! ஏய், இஷ்!"

கிரியரின் குரல். அவள் மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவாள். இஷ்பெல் சன்னலைத் தள்ளித் திறந்தாள்.

"இரும்பு மாதிரி இருக்குடி! கோடரி இறங்கவே மாட்டேங்குது! சோம்பேறிக் கழுதை, எந்திரிச்சு வா!"

இஷ்பெலுக்குச் சிரிப்பு வந்தது. காலையிலிருந்து நெஞ்சில் கிடந்த பாரம் சட்டென்று கரைந்தது. பனி இறுகிவிட்டது. அவ்வளவுதான். ஏறிவிடலாம். "வர்றேன்!" என்று கத்திவிட்டு நீல ஜாக்கெட்டை மாட்டினாள், இடுப்புப் பட்டையைக் கட்டி அதன் கொக்கியில் பனிக்கோடரியைத் தொங்கவிட்டாள், கயிற்றைத் தோளில் போட்டாள், கெண்டித் தண்ணீரை வெப்பக்குடுவையில் ஊற்றினாள். பூட்ஸ் நாடாவைக் கட்டக் குனிந்தபோது கதவு படாரென்று திறந்தது.

கிரியர் நின்றிருந்தாள்.

முழங்கால் வரை சேறு. தலையிலிருந்து தண்ணீர் ஒழுகியது. ஓடிவந்தவளைப் போல மூச்சு வாங்கியது. அவள் முகத்தில் இருந்த நிறத்தை இஷ்பெல் அதற்குமுன் பார்த்ததில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"நீ எப்படி அதுக்குள்ள கீழ வந்த?"

"நீ எப்படிடி எனக்கு முன்னாடி இங்க வந்த?"

சொட்டு விழும் சத்தம் கேட்டது.

"நான் எங்கயும் போகல," என்றாள் இஷ்பெல்.

"பொய் சொல்லாத." கிரியர் கதவோடு முதுகைச் சேர்த்து நின்றாள். உள்ளே வரவில்லை. "பனி கஞ்சியா இருக்கு. இடுப்பு வரைக்கும் உள்ள போறேன். சரி, திரும்பலாம்னு நெனச்சா நீ மேலயிருந்து கூப்பிடுற. கிரியர், கால் மாட்டிக்கிச்சு, வலிக்குது, சீக்கிரம் வா. அழுற நீ. நான் உன்னை நோக்கித்தான் ஏறினேன். பிளவுக்குள்ள கொஞ்ச தூரம் ஏறிட்டேன். அப்புறம்..." அவள் சன்னலைக் கையால் காட்டினாள். "அப்புறம் கீழ குடில் சன்னல்லேருந்து நீ 'வர்றேன்'னு கத்துன. மேலயும் நீ. கீழயும் நீ."

"நான் கத்துனேன். நீ கூப்பிட்டதுக்குத்தான் கத்துனேன்."

"நான் உன்னைக் கூப்பிடவே இல்ல."

இஷ்பெல் அவளைப் பார்த்தாள். கிரியரும் அவளைப் பார்த்தாள். இத்தனை வருடப் பழக்கமும் அந்த அறையின் நடுவே, இருவரும் தொடப் பயப்பட, கீழே கிடந்தது. கிரியரின் வலது கை, இடுப்பிலிருந்த பனிக்கோடரியின் பிடியைத் தேடிப் போவதை இஷ்பெல் கவனித்தாள். தன் கையும் அதையே செய்துகொண்டிருந்ததை அதன் பிறகுதான் உணர்ந்தாள்.

அப்போது வெளியே, உயரத்தில்:

"இஷ்! தேநீர் குடிச்சுட்டுத் தூங்கிட்டியாடி?"

கிரியரின் உதடுகள் அசையவில்லை. இஷ்பெல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூடியிருந்த வாய். வெளுத்த உதடுகள். வெளியே அதே குரல் கலகலவென்று சிரித்தது.

கிரியரின் கண்களிலிருந்து கண்ணீர் வழிந்தது.

"என் கல்யாணத்துல நான் எதுக்கு அழுதேன்?" என்று கேட்டாள். "சொல்லு. இஷ்பெலுக்கு மட்டும்தான் தெரியும்."

"நீ அழல. உன் மாமியாரோட நாய் கேக்கைத் தின்னுடுச்சுன்னு சிரிச்ச. சிரிப்பை அடக்க முடியாம அழுற மாதிரி நடிச்ச."

கிரியர் கோடரிப் பிடியை விட்டாள். இஷ்பெல் அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். ஈரமும் சேறும் வியர்வையும், அடியில் அந்த ஆஸ்பத்திரிச் சோப்பு வாசனையும். கிரியர்தான். கிரியரேதான்.

"போயிடலாம்," என்றாள் இஷ்பெல். "பாலம் முழுகறதுக்குள்ள. இங்க ராத்திரி தங்க என்னால முடியாது."

"வெளிய ஒண்ணுமே தெரியலடி. என் கையே எனக்குத் தெரியல."

"கயிறு கட்டிக்கலாம். நீ முன்னாடி போ. உனக்குப் பாதை தெரியும். நான் பின்னாடி. பேசிக்கிட்டே போகணும், நிறுத்தாம. ஒருத்தரோட சத்தம் இன்னொருத்தருக்குக் கேட்டுக்கிட்டே இருக்கணும்."

"அது கூப்பிட்டா?"

"மேல யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்கக்கூடாது. பதில் சொல்லக்கூடாது." இஷ்பெல் அவள் இரண்டு தோள்களையும் பிடித்தாள். "என்னோட குரலா இருந்தாலும் சரி. நான் அழுதாலும் சரி. சத்தியம் பண்ணு."

"சத்தியம்."

வெளியே வெளிச்சம் பால்போலத் திரிந்து கிடந்தது. வானம், நிலம் என்ற பிரிவே இல்லை. கிரியர் முன்னே நடக்க, பச்சைக் கயிறு அவள் பின்னால் இழுபட்டு மூடுபனிக்குள் போனது. கயிறு தீர்ந்ததும் இஷ்பெல் நடக்கத் தொடங்கினாள். இடுப்பிலிருந்து நான்கு முழம் வரை கயிறு தெரிந்தது. அதற்கப்புறம் கிரியரின் குரல்தான் கயிறு.

"போன வாரம் ஒரு மாடுடி! கன்னு குறுக்க விழுந்துடுச்சு. தோள்பட்டை வரைக்கும் கைய உள்ள விட்டுட்டு நிக்கிறேன். அந்த நேரம் பாத்து மாட்டுக்காரரு எங்கிட்ட ஓட்டு கேக்குறாரு! ஊர்க் கவுன்சிலுக்கு நிக்கிறாராம்!"

"நீ என்ன சொன்ன?"

"முதல்ல இந்த வாலப் பிடிய்யா, அப்புறம் நாட்டைப் பிடிக்கலாம்னேன்!"

இஷ்பெல் சிரித்தாள். வலப்பக்கம் ஓடை பெரும் இரைச்சலோடு இறங்கிக்கொண்டிருந்தது; அது வலப்பக்கம் இருக்கும்வரை வழி சரி. பாறையிலிருந்து குரல் ஒருமுறை வந்தது, இருமுறை வந்தது. கிரியருடையது. பிறகு இஷ்பெலுடைய குரலே, கிரியரின் பெயரைச் சொல்லி, தேம்பித் தேம்பி. தன் அழுகையைத் தானே வெளியிலிருந்து கேட்பது, தன் பிணத்துக்குத் தானே முகம் கழுவுவதைப் போல இருந்தது. கயிறு ஒரு கணம் தளர்ந்து, மறுபடி விறைத்தது. கிரியர் திரும்பிப் பார்க்கவில்லை. சத்தியத்தைக் காப்பாற்றினாள்.

"பேசுடி!" என்று கத்தினாள் இஷ்பெல். "நாளைக்கு மைரிக்கு அப்பம் சுட்டுத் தர்றேன்னு சொல்லியிருக்கேன். நீயும் வா!"

"ஜாம் இருந்தா வர்றேன்!"

உருண்டு விழுந்த கற்கள் வீடுகளைப்போலக் குவிந்துகிடந்த இடத்துக்கு வந்தார்கள். அங்கே கயிறு இரண்டு கற்களுக்கு நடுவே இருந்த வெடிப்பில் போய் ஆப்பு அடித்ததுபோல மாட்டிக்கொண்டது. இஷ்பெல் இழுத்தாள். அசையவில்லை. உதறினாள். அசையவில்லை.

"கிரியர், நில்லு! கயிறு மாட்டிக்கிச்சு! அவுத்துட்டுச் சுத்தி வர்றேன்!"

"சீக்கிரம்!"

விறைத்த விரல்களால் முடிச்சை அவிழ்த்தாள். வெடிப்புக்குள் கயிற்றின் நுனியைத் தள்ளிவிட்டு, கல்லைத் தடவிக்கொண்டே மறுபக்கம் போனாள். மற்றவற்றைப் போல அந்தக் கல் அவ்வளவு பெரியதில்லை. ஆனாலும் சுற்றி வர நேரமானது. மறுபக்கம், வெடிப்பின் வாயில், பச்சைக் கயிற்றின் நுனி பனிமேல் கிடந்தது. எடுத்தாள். பனியில் உறைந்து கம்பிபோல விறைத்திருந்தது. இவ்வளவு சீக்கிரமா, என்று நினைத்தாள். குளிர் ஏறிக்கொண்டிருக்கிறது, வேறென்ன. முடிச்சுப் போட்டாள்.

"சரி! போலாம்!"

கயிறு இழுபட்டது. நடந்தாள்.

"அந்த மாடு என்னாச்சு?"

பதில் இல்லை. காற்று.

"கிரியர்! மாடு பொழைச்சுதா?"

"ம்," என்றது முன்னாலிருந்து.

களைத்துவிட்டாள் பாவம். இஷ்பெல் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். பனி காலடியில் நொறுங்கியது. கெட்டியாக, மொறுமொறுவென்று. கிரியர் கஞ்சி என்றாளே. கயிறு நிதானமாக இழுத்தது. மூச்சு வாங்கியது. இறக்கத்தில் இப்படி மூச்சு வாங்காதே. பாலத்துக்கு முன்னால் ஒரு சிறிய மேடு உண்டு, அதுவாக இருக்கும். தொடை வலித்தது. மேடு முடியவில்லை.

ஓடை.

நின்று கேட்டாள். ஓடை வலப்பக்கம் இல்லை. இடப்பக்கமும் இல்லை. ஓடை கீழே இருந்தது. வெகு கீழே, வேறொரு வீட்டில் யாரோ குழாயைத் திறந்து வைத்ததைப் போல.

கையை நீட்டினாள். பாறை. இன்னொரு பக்கம் நீட்டினாள். ஒன்றுமில்லை. காலடியில் ஓரடி அகலத்துக்குப் பனி. அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

இடுப்பிலிருந்து கிளம்பிய கயிறு முன்னால் போகவில்லை. நேரே மேலே போனது.

"கிரியர்?"

மேலே, மூடுபனிக்குள், யாரோ நகர்ந்தார்கள். பிறகு பதில் வந்தது. பொறுமையாக. அன்பாக. அவளுடைய சொந்தக் குரலில்.

"இதோ, வந்துட்டோம்."

இஷ்பெல் முடிச்சைப் பிடித்தாள். விரல்கள் பிடிக்கவில்லை. பல்லால் கடித்தாள். பனி. இரும்பு. முடிச்சு இருந்த இடமே தெரியவில்லை. கயிறு முழுக்க ஒரே பனிக்கட்டியாக, அவள் பட்டையிலேயே முளைத்ததுபோல இருந்தது. கோடரி. கோடரியை எடுக்க இடுப்பைத் தடவினாள். கொக்கி காலியாகத் தொங்கியது.

அந்த நேரத்தில் மூடுபனி கிழிந்தது. மேலே அல்ல, கீழே.

பள்ளத்தாக்கு முழுவதும் ஒரு கிண்ணத்தின் அடியில் போலத் தெரிந்தது. புள்ளியாகக் குடில். வெள்ளிச் சரிகையாக ஓடை. அதன் குறுக்கே, தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்த மரப்பாலம். பாலத்தின்மேல் ஒரு சிவப்பு ஜாக்கெட், முதல் அடியை எடுத்து வைத்தது. அதன் பின்னால் பச்சைக் கயிறு, நூலாக. கயிற்றின் முடிவில், இன்னும் கரையில் நின்றபடி, ஒரு நீல ஜாக்கெட்.

கிரியர் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு கையைத் தோள்பட்டை வரை எதற்குள்ளேயோ விடுவதைப்போலச் செய்து காட்டினாள். நீல ஜாக்கெட் சிரித்தது. அந்தச் சிரிப்பு அத்தனை உயரத்துக்கும் தெளிவாக ஏறி வந்தது. வகுப்பறையில், சமையலறையில், தொலைபேசியில், வாழ்நாள் முழுக்கத் தான் சிரித்துவந்த சிரிப்பை இஷ்பெல் கேட்டாள்.

"கிரியர்!"

சிவப்பு ஜாக்கெட் நின்றது.

"கிரியர்! நான் இங்க இருக்கேன்! மேல பாரு! அது நான் இல்ல! கிரியர், திரும்பிப் பாருடி! அதை அவுத்து விடு!"

கத்தல் அழுகையாக மாறியது. அதை அவளால் நிறுத்த முடியவில்லை. பாலத்தின் நடுவே கிரியரின் தோள்கள் குறுகின. அவள் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள். திரும்பவில்லை. நீல ஜாக்கெட் பாலத்தில் ஏறி அருகே வந்து அவள் முதுகில் கைவைத்தது. குனிந்து ஏதோ ஆறுதல் சொன்னது. கிரியர் தலையாட்டினாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். இறுகப் பிடித்துக்கொண்டாள். இருவரும் வேகமாக, கிட்டத்தட்ட ஓட்டமாக, பாலத்தைக் கடந்தார்கள்.

கார்க் கதவு ஒன்று சாத்தப்பட்டது. இன்னொன்றும் சாத்தப்பட்டது.

விளக்குகள் எரிந்தன. மஞ்சளாக, வீட்டு விளக்கைப் போல. அவை சாலையில் ஊர்ப்பக்கம் திரும்பின.

மைரி ஓடிவந்து கதவைத் திறப்பாள்.

இஷ்பெலின் இடுப்பில் கயிறு அசைந்தது. அவசரமே இல்லாமல், கீழிருந்து ஏறி வருகிறவளின் கஷ்டம் தெரிந்த கைகள் எடுப்பதைப் போல, அதிலிருந்த தளர்வை எல்லாம் முழம் முழமாக மேலே எடுத்துக்கொண்டது. பிறகு, அவளது பாதங்கள் பனியை விட்டு எழும்பும் வரை, மெல்ல இறுகியது.